சிம்ம ராசி டாமி

எச்சில் தொட்ட ஒரு விரலை வைத்துக்கொண்டு மனுஷன் என்னென்ன செய்யலாம் என்பதை என் பெரியப்பாவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆள்காட்டி விரலை நாக்கில் நனைப்பார். பஞ்சாங்கத்தில் ஒரு தாளைப் புரட்டுவார். அதே விரலால் டாமியின் கண்ணோரத்துப் பீளையை வழித்து வேட்டியில் துடைத்துக்கொள்வார். மறுபடி நாக்கு. மறுபடி தாள். வெற்றிலைச் சாறும் நாய்ப் பீளையும் ஏறி ஆனி மாதத்துக்குள்ளேயே அந்தப் பஞ்சாங்கம் அழுகிய வாழைத்தோல் மாதிரி ஆகிவிடும். ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில் அவர் ஊர். காலேஜ் லீவுக்கு அங்கே போனால் முதல் நாள் எனக்குப் பட்டினிதான். இரண்டாம் நாள் பசி வந்து மானத்தை வாங்கிவிடும்.

பெரியப்பா என்றால் என் அம்மாவின் அக்கா புருஷன். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் முதலெழுத்தை வைத்து ராசி பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

மேட்டூரில் அணை கட்டியபோது கல் ஏற்றும் காண்ட்ராக்ட் எடுத்துச் சம்பாதித்தவர். வேலை முடிந்து வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டியபோது ஒரு இஞ்சினீர் துரை தன் நாயை இவர் தலையில் கட்டிவிட்டுக் கப்பல் ஏறினான். காது தொங்கிய, பழுப்பும் வெள்ளையுமான நாய். பெயர் டாமி. அது பிறந்த நேரம் துரைக்கே தெரியாது. அதனால் என்ன? பிறந்த நட்சத்திரம் தெரியாதவனுக்குப் பெயரின் முதலெழுத்தை வைத்து நட்சத்திரம் சொல்வது நம் ஊர் வழக்கம். ‘டா’ என்றால் பூரம். பூரம் என்றால் சிம்மம். முடிந்தது.

“துரை வெச்ச பேருக்கு நம்ம பஞ்சாங்கம் செல்லுமா பெரியப்பா?” என்று கேட்டேன்.

“எழுத்துல ஏதுடா சீமையும் உள்ளூரும்? டான்னா டாதான். காலேஜுல என்னதான் சொல்லிக் குடுக்கறாங்க?”

சிம்மத்துக்கு அதிபதி சூரியன். சூரியனுக்கு உரிய தானியம் கோதுமை, உலோகம் செம்பு. எனவே ஊரே கம்பங்களி தின்றுகொண்டிருந்தபோது டாமிக்கு மட்டும் சேலத்திலிருந்து கோதுமை வந்தது. செப்புத் தட்டில் கோதுமைக் கஞ்சி, அதன் மேல் புளித்த மோர். செம்பில் புளிப்பு பட்டால் என்ன ஆகும் என்பது அடுப்படி தெரிந்த யாருக்கும் தெரியும். களிம்பு ஏறும். டாமி வாசலில் பச்சை பச்சையாகக் கக்கும். பெரியப்பா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அதைக் குச்சியால் கிளறிப் பார்ப்பார்.

“பித்தம். சூரியன் பித்தக்காரன் பாரு, சரியா வேல செய்யறான்.”

கிளறிய குச்சியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய்ச் சாப்பிட உட்காருவார். கை கழுவினாரா என்று நான் பார்த்ததில்லை, பார்க்கவும் பயம்.

அந்தக் கக்கலை அள்ளுவது செல்லி. பெரியப்பா வீட்டு மாட்டுக் கட்டுத்தரையில் சாணி அள்ளிக் கூட்டிப் பெருக்குகிறவள். அவளுக்கு முப்பது வயசு இருக்கும். கை ஒரு பக்கம் வேலை செய்தால் வாய் இன்னொரு பக்கம் வேலை செய்யும்.

“ஏனுங்க சாமி, சிங்கம் இப்பிடித்தான் பச்சையாக் கக்குமுங்களா? நாங்க சிங்கத்தக் கண்டதில்லீங்க, அதான் கேக்கறனுங்க.”

“வேலயப் பாரு புள்ள.”

“பாக்கறனுங்க. சிங்கத்தோட காதுல நாலு உண்ணி தொங்குதுங்க. புடுங்கிப் போடலாமா, அதுக்கும் நாளு பாக்கோணுமுங்களா?”

நாள் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அவர் பஞ்சாங்கத்தை எடுப்பதற்குள் செல்லி உண்ணியைப் பிடுங்கிச் சாணியில் புதைத்துவிடுவாள். அதனால் டாமி பகல் முழுக்க அவள் கால்மாட்டிலேயே கிடக்கும்.

நிஜத்தில் டாமியைப் போல ஒரு கோழையை நான் கண்டதில்லை. மெயின் ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தால் இங்கே கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கும். ஒரு தடவை திருடன் வந்து கோழிகளைச் சாக்கில் போட்டுக்கொண்டு போனான். டாமி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தூங்கிவிட்டது. கோழி போன துக்கத்தில் பெரியம்மா கத்தினாள். பெரியப்பாவுக்கோ ஒரே பெருமை.

“ராசா எங்கயாச்சும் திருடனத் தொரத்திட்டு ஓடுவானா? அதுக்குச் சேவகன் வேணும்.”

சேவகனாக மறுநாளிலிருந்து செல்லியின் புருஷன் வந்து காவல் படுத்தான். நாய்க்கு ஒரு காவல்காரன்! இதை என் சினேகிதர்களிடம் சொன்னபோது ஒருத்தனும் நம்பவில்லை.

ராஜா என்பதால் டாமிக்குக் கயிறு கிடையாது, சங்கிலி கிடையாது. சிம்மத்தைக் கட்டிப் போட்டால் கட்டினவன் குடும்பம் விளங்காது என்பது பெரியப்பாவின் சித்தாந்தம். யாருடைய மிச்சத்தையும் அது தின்னக் கூடாது என்பதால் வீட்டில் முதல் பந்தி அதற்குத்தான். பெரியம்மா செப்புத் தட்டை வைத்துவிட்டு, அது நக்கி முடிக்கும் வரை கரண்டியோடு நின்றுகொண்டிருப்பாள். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் இலையில் சோறு விழும்.

நாய் என்றில்லை, அந்த மனுஷன் கண்ணுக்கு எதுவுமே நேராகத் தெரியாது. பெரியம்மாவுக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். “அவ கடகம், தண்ணி ராசி, சளி புடிக்கத்தான் செய்யும்” என்று சொல்லிவிட்டு டாமிக்கு முதுகு உருவிவிடப் போய்விட்டார். அவள் என்னிடம் சொன்னாள்: “உங்க பெரியப்பன் என்ன ஒரு நாளும் நேரா மூஞ்சியப் பாத்ததில்ல சாமி. எனக்கு என்னன்னாலும் பஞ்சாங்கத்துல எட்டிப் பாப்பாரு. நான் அங்கயா இருக்கறேன்?”

பெரியப்பாவுக்குக் கும்ப ராசி. கும்பத்துக்கு எட்டாமிடம் கன்னி; ஆகாது. ‘பா’ என்று தொடங்கும் பெயர்கள் கன்னியில் விழுமாம். ஊரிலேயே கை சுத்தமான நாவிதர் பாப்பண்ணன். அவர் பெரியப்பா வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. அதற்காகப் பெரியப்பா துருப்பிடித்த கத்தி வைத்திருந்த இன்னொருவரிடம் முகத்தைக் கொடுத்து, தாடையெல்லாம் ரத்தம் காய்ந்த கீறலோடு வருவார். அந்தக் கீறலை டாமி நக்கும். சிம்ம ராசி நாக்கு புண்ணை ஆற்றும் என்று கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் காட்டிக்கொண்டிருப்பார். தூ!

நான் பி.ஏ. கடைசி வருஷம் படித்தபோது நடந்ததைச் சொல்கிறேன்.

கயிறு இல்லாத ராஜா ஊர் சுற்றப் போய்த் தெருநாய்களிடம் கடிபட்டு ஒரு காது கிழிந்து வந்தது. சில நாளில் சுருண்டு சுருண்டு படுத்தது. கூப்பிட்டால் உறுமியது. ஒரு காலையில் கன்றுக்குட்டியின் தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றது. “அக்கட்டால போடா என்ற ராசா” என்று செல்லி கழுத்தைப் பிடித்துத் தள்ளினாள். திரும்பி அவள் முன்னங்கையைக் கவ்வியது. பல் நன்றாக இறங்கிவிட்டது.

பெரியம்மா சவுக்காரத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்து காயத்தைக் கழுவினாள். பெரியப்பா நிதானமாக வந்து நின்றார். ரத்தத்தைப் பார்க்கவில்லை. இடுப்பிலிருந்து பஞ்சாங்கத்தை உருவினார். விரல் நாக்குக்குப் போயிற்று.

“அதான பாத்தேன்! சந்திரன் மீனத்துல இருக்கறான். டாமிக்கு இன்னிக்குச் சந்திராஷ்டமம். மனசு நெலையில இருக்காது. ரெண்டு நாளுல செரியாப் போயிரும். ஏம்புள்ள, உனக்கு என்ன ராசி?”

“எனக்கெங்கீங்க ராசி? எங்காயி சோளக்காட்டுல பெத்துப் போட்டுது.”

“செல்லி... சே... அசுவினி. மேஷம்.” அவர் முகம் மலர்ந்தது. “மேஷம்னா ஆடு. சிங்கம் ஆட்டக் கடிக்காமப் புல்லா திங்கும்? இதுல யாரு மேலயும் குத்தமில்ல.”

எனக்கு “யோவ்” என்று வாய் வரைக்கும் வந்தது; பெரியம்மா முகத்துக்காக விழுங்கிக்கொண்டேன். செல்லியை பஸ் ஏற்றிச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

டாக்டர் காயத்துக்கு மருந்து போட்டுவிட்டு, விஷயத்தை அவளுக்கே புரிகிற மாதிரிச் சொன்னார்.

“நாய்க்கு வெறி இருக்கா இல்லையான்னு காயத்தைப் பாத்துச் சொல்ல முடியாதும்மா. நாயைத்தான் பாக்கணும். கட்டிப் போட்டுப் பத்து நாள் கண்ணு முன்னாலயே வெச்சிருங்க. நல்லா இருந்தா பயமில்லை, உனக்கு ஊசியும் வேணாம். செத்தாலோ, காணாமப் போனாலோ அன்னிக்கே ஓடி வந்திரணும். ரெண்டு வாரம் தினமும் ஊசி, வயித்துல. தள்ளிப் போட்டா அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

அவளுக்கு வீட்டில் மூன்று சின்னஞ்சிறுசுகள். புருஷன் பகலில் கூலிக்கும் ராத்திரி நாய்க் காவலுக்கும் போகிறவன். இரண்டு வாரம் சேலத்தில் கிடந்தால் அதுகளுக்கு யார் களி கிண்டுவது? திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது கேட்டாள்: “கட்டிப் போட்டாப் போதுமுங்களா சாமி? அவ்வளவுதானுங்களா?”

அவ்வளவுதான். ஒரு முழக் கயிறு.

போனவுடன் நானே மாட்டுக் கயிற்றை எடுத்து டாமியைப் புளியமரத்தில் கட்டினேன். பெரியப்பா வந்து அவிழ்த்துவிட்டார். மறுபடி கட்டினேன். மறுபடி அவிழ்த்தார்.

“பெரியப்பா, ஒரு உசுரு சமாச்சாரம் இது.”

“எங்க குடும்பமும் உசுருதாண்டா. சிம்மத்தக் கட்டினா இந்த ஊடு சுடுகாடாப் போயிரும். படிச்சவனாட்டம் பேசு.”

பெரியம்மா கெஞ்சிப் பார்த்தாள். கடக ராசிக்கு எப்போதும் கண்ணீர்தான் என்று பதில் வந்தது. அப்போது வாசலில் கட்டுப்போட்ட கையோடு நின்றிருந்த செல்லி ஒரு யோசனை சொன்னாள். கிண்டலாகச் சொன்னாளோ நிஜமாகச் சொன்னாளோ, குரலில் தெரியவில்லை.

“ஏனுங்க சாமி, பேர வெச்சுத்தான அதுக்கு அந்த ராசி வந்துச்சு? பேர மாத்திப் போடுங்க. கட்டிப் போடறதுக்குத் தோதா ஒரு ராசி வந்துட்டுப் போவுது.”

பெரியப்பா அவளை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். அந்த மனுஷன் கண்ணில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. “அட, இது எனக்குத் தோணாமப் போச்சே!” என்று பஞ்சாங்கத்தைக் கையிலெடுத்தார்.

மறுநாள் காலை டாமிக்கு மஞ்சள் தண்ணி ஊற்றினார். கிழிந்த காதைத் தூக்கி அதற்குள் வாயை வைத்து மூன்று தடவை “ராமு, ராமு, ராமு” என்றார். காதுப் புண்ணின் சீழ் அவர் மீசையில் ஒட்டியிருந்தது. ‘ரா’ என்றால் சித்திரை. துலாம். தராசு. செப்புத் தட்டு போய் வெள்ளிக் கிண்ணம் வந்தது. கோதுமை போய்ச் சுக்கிரனுடைய தானியமான மொச்சை வந்தது. நான் கயிறோடு போனேன்.

“எதுக்குடா கயிறு?”

“துலாம் ஆயிருச்சே பெரியப்பா. இப்பக் கட்டலாமில்ல?”

“துலாம் ராசிக்காரன் நீதிமான். அவன் யாரையும் கடிக்க மாட்டான். கடிக்காத நாயக் கட்டிப் போடுன்னு எந்த டாக்டரு சொன்னான்?”

“நேத்து கடிச்சதே!”

“அது டாமி. டாமி எங்க இருக்குது இப்ப? கூப்புடு பாக்கலாம், வருதா?”

“டாமி” என்று கூப்பிட்டேன். அது வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. “பழக்க தோசம்” என்றார்.

செல்லி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள். சாணிக்கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

இரண்டு நாள் மொச்சை தின்று அந்த நாய் விட்ட காற்றில் வீட்டுக்குள் மூச்சுவிட முடியவில்லை. சுக்கிரன் வேலை செய்கிறான் என்றார் பெரியப்பா. மூன்றாம் நாள் நாயைக் காணோம். ஏரிக்கரை, சந்தைமேடு, சுடுகாடு என்று செல்லியின் தெருவே தேடியது. கிடைக்கவில்லை. பெரியப்பா தேடவில்லை. துலாம் ராசிக்குப் பயண யோகம் இருந்ததாம்.

அன்றைக்கே செல்லி பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுச் சேலத்துக்கு பஸ் ஏறினாள். காலேஜ் திறந்ததும் ஒரு சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். தாழ்வாரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து உட்கார முடியவில்லை.

“எப்பிடி இருக்கற செல்லி?”

“தொப்புளச் சுத்திக் கோலம் போட்டிருக்காங்க சாமி. நடுவால பூசணிப் பூ வெக்கத்தான் பாக்கி.” சிரித்தாள். சிரித்தால் வயிறு இழுத்தது போல, பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: “தண்ணியப் பாத்தா பயம் வருமின்னு சொல்றாங்களே, அது எந்த நாளைக்குத் தெரியுமுங்க? காலங்காத்தால எந்திரிச்சதும் செம்புத் தண்ணிய எட்டி எட்டிப் பாக்கறனுங்க.”



அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊசியெல்லாம் முடிந்து ஊருக்கு வந்தாள். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை நானும் பெரியப்பா வீட்டில்தான் இருந்தேன். பத்து மணி சுமாருக்குப் பக்கத்து ஊர்ச் செங்கல் சூளைக்காரர் ஒருவர் வந்தார். கையில் கயிறு. கயிற்றின் நுனியில் நாய். கொழுகொழுவென்று இருந்தது, காது ஆறியிருந்தது.

“உங்க ஊட்டு நாயாமுங்களே. சூளைக்கு வந்து கெடந்துச்சுங்க. வந்த நாளுலிருந்து கட்டித்தான் போட்டிருக்கறேன். கட்டிப் போட்டா ஊமையாட்டம் கெடக்குதுங்க. அருமையான நாயி.”

“என்ன பேரு சொல்லிக் கூப்புட்டீங்க?” பெரியப்பாவுக்கு அதுதான் கவலை.

“பேருங்களா? நாயின்னுதானுங்க.”

நாய்க்கு வெறியே இல்லை. மூன்று மைல் தொலைவில் ஒரு முளைக்குச்சியில் இத்தனை நாளும் சுகமாகக் கட்டிக் கிடந்திருக்கிறது. பெரியப்பா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“பாத்தியா? நாயி நல்லாத்தான் இருக்குது. அந்தப் புள்ள வீணாப் போயி வயித்தப் புண்ணாக்கிக்கிட்டா. மேஷத்துக்கு எப்பவுமே அவசரம்.”

அந்த நேரம் பார்த்துச் செல்லி வாசலில் வந்து நின்றாள். நாயைப் பார்த்தாள். நாயின் கழுத்துக் கயிற்றைப் பார்த்தாள். நாய் கயிற்றை இழுத்துக்கொண்டு அவளிடம் ஓடி வாலைக் குழைத்தது.

“வந்துட்டியா செல்லி? போ போ, கட்டுத்தரை நாறிக் கெடக்குது” என்றார் பெரியப்பா.

“யாருங்க சாமி செல்லி?”

“என்ன புள்ள?”

“கடிபட்டது செல்லிங்க. செல்லி எங்க இருக்கறா இப்போ? என்ற பேரு பாவாயிங்க. ஆஸ்பத்திரியில மாத்திக்கிட்டனுங்க. உங்க ராசிக்கு ஒத்து வருதான்னு பாத்துச் சொல்லுங்க சாமி, வேலைக்கு வாரேன்.”

அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அந்த மனுஷன் இடுப்பில் கையை விட்டுப் பஞ்சாங்கத்தை எடுத்தார்! “பா... உத்திரம் மூணாம் பாதம்... கன்னி...” விரல் விட்டு எண்ணினார். முகம் வெளுத்தது. இரண்டடி பின்னால் போனார்.

“எட்டாமிடம்! ஆவாது புள்ள. நீ உள்ள காலு வெக்காத.”

“செரிங்க சாமி. உங்க நல்லதுக்குத்தானுங்க கேட்டேன்.”

சூளைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “மண்ணு சொமக்க எனக்கு ஆளு வேணும். எனக்கு ராசியெல்லாம் தெரியாதும்மா” என்றார். அவர் பின்னாலேயே அவள் போய்விட்டாள். உள்ளே பெரியம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த லீவுக்குப் போனபோது தெருமுனையிலேயே நாற்றம் அடித்தது. கட்டுத்தரையில் சாணி கணுக்காலுக்கு ஏறியிருந்தது. மாடுகள் மூத்திரத்தில் நின்று குளம்பு வெந்து போயிருந்தன. ஈ அப்பிக்கொண்டிருந்தது. வேலைக்கு ஆள் வராமலில்லை. செல்லியின் தெருவிலிருந்து பெண்கள் வந்தார்கள், வரிசையாக. பெரியப்பா ஒவ்வொருத்தியிடமும் பெயர் கேட்டார். ஒருத்தி பாப்பாயி என்றாளாம். ஒருத்தி பாப்பாத்தி. ஒருத்தி பார்வதி. நேற்று வரை அவரே மாராயி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த கிழவிகூட, “என்ற நெசப் பேரு பாவாத்தாளுங்க” என்றாளாம். எல்லாரையும் பஞ்சாங்கம் பார்த்து வாசலோடு அனுப்பிவிட்டார்.

நான் போனபோது கோவணத்தோடு முழங்கை வரை சாணியில் இருந்தார். நாய் கட்டுத்தரை ஓரத்தில் படுத்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் நிமிர்ந்தார். உண்மையிலேயே குழம்பிப் போன முகம்.

“நீ படிச்சவன், சொல்லுடா. ஒரு தெருவே உத்திரம் மூணாம் பாதத்துலயா பொறக்கும்? அப்பிடி ஒரு யோகம் இருக்குதா என்ன?”

நான் வாயைத் திறப்பதற்குள், “இரு, பாத்தர்றேன்” என்று குனிந்து, சாணி வழிந்த அந்த ஆள்காட்டி விரலை நாக்கில் வைத்து நனைத்து, பஞ்சாங்கத்தைப் புரட்டினார்.

நான் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. வந்த பஸ் திரும்பிப் போவதற்குள் ஓடிப் போய் ஏறிக்கொண்டேன்.